பாதிரியார் ஆக வேண்டியவர்

டார்வின் என்றால் குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னு சொன்ன தாடிக்காரர் என்று மட்டும்தான் நம்மில் பலருக்குத் தெரியும். அவர் பாதிரியார் ஆவதற்காகப் படித்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1809 பிப்ரவரி 12-ல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி ஊரில் சார்லஸ் டார்வின் பிறந்தார். அப்பா பேர்பெற்ற டாக்டர். எட்டு வயதில் அம்மா இறந்துபோனார். 1825-ல் எடின்பரோ நகருக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த ஆபரேஷனைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே ஓடியவர், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. சரி, பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று அப்பா கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அப்போது பைபிளின் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று நம்பியவர் டார்வின். ஆனா பாடத்தைவிட வண்டு பிடிப்பதில்தான் அவருக்கு ஆர்வம்! அந்த ஆர்வத்தைப் புரிந்துகொண்ட ஆசிரியர் ஹென்ஸ்லோ தாவரவியல் பேராசிரியர், பாதிரியாரும்கூட. அவர் மூலமாகத்தான் பீகிள் கப்பலில் போகும் வாய்ப்பு வந்தது. அப்பா மறுத்தார், மாமா பேசி சம்மதிக்க வைத்தார்.

1831 டிசம்பர் 27-ல் கப்பல் புறப்பட்டது. ஏறக்குறைய ஐந்து வருடப் பயணம். 1835-ல் சிலி நாட்டில் பூகம்பம். கடற்கரை நிலம் சில அடி உயர்ந்து நின்றதைக் கண்ணால் பார்த்தார். இப்படிச் சிறிது சிறிதாக உயர்ந்து மலை ஆக எத்தனை காலம் ஆகியிருக்கும்! கி.மு. 4004-ல் உலகம் படைக்கப்பட்டது என்று ஆர்ச்பிஷப் அஷர் போட்ட கணக்கு இதற்குப் போதவில்லை. அதே ஆண்டு காலபகஸ் தீவுகளில் பறவைகளைச் சேகரித்தார். ஊர் திரும்பியபின் நிபுணர்கள் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தமுள்ள பறவைகள். அலகு மட்டும் வெவ்வேறு விதம்.

அவர் கண்ட விடை இதுதான். பிழைக்கக்கூடியதைவிட அதிகமாக உயிர்கள் பிறக்கின்றன. ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. சூழ்நிலைக்குப் பொருந்தும் வேறுபாடு உள்ளவை அதிகம் பிழைத்து, அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றன. தலைமுறை தலைமுறையாக இது சேர்ந்து புதிய இனம் உண்டாகிறது. இன்றைய குரங்கு நமக்குத் தாத்தா இல்லை. இருவருக்கும் ஒரே மூதாதை, அவ்வளவுதான்.

இந்த எண்ணம் வளர்ந்துகொண்டிருந்தபோதே, 1839-ல் மாமா மகள் எம்மாவைக் கல்யாணம் செய்தார். எம்மா ஆழ்ந்த பக்தி உள்ளவர். சந்தேகத்தை மனைவியிடம் மறைத்துவிடு என்று அப்பா புத்தி சொல்லியும் டார்வின் மறைக்கவில்லை. மறு உலகில் பிரிந்துவிடுவோமோ என்று பயந்து எம்மா அவருக்குக் கடிதம் எழுதினார். டார்வின் சண்டை போடவில்லை. அதைச் சாகும்வரை பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்துப் பலமுறை அழுததாக அதிலேயே எழுதியும் வைத்தார்.

1844-ல் தன் கொள்கையை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதி முடித்தார். தான் திடீரென்று இறந்தால் இதை வெளியிட வேண்டும், அதற்கு 400 பவுண்டு செலவிடலாம் என்று அவர் யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? அதே எம்மாவிடம்தான்!

1851-ல் பத்து வயது மகள் ஆனி இறந்தாள். பெற்றோர் இருவருக்கும் ஆறாத துயரம். பிற்காலத்தில் எம்மாவும் பிள்ளைகளும் சர்ச்சுக்குப் போக, டார்வின் உள்ளே போவதில்லை. ஆனாலும் ஊர்ப் பாதிரியார் இன்னஸ் கடைசிவரை அவருக்கு நண்பர்.

1858-ல் வாலஸ் என்பவர் தானாகவே அதே முடிவுக்கு வந்து டார்வினுக்கு எழுதினார். இருவர் எழுத்தும் ஒன்றாகவே ஜூலை 1-ல் லண்டன் லின்னியன் சங்கத்தில் படிக்கப்பட்டது. டார்வின் போகவில்லை. ஏன்னா, இறந்துபோன கைக்குழந்தையை அன்றுதான் அடக்கம் செய்தார். மறு ஆண்டு நவம்பர் 24-ல் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. 1860-ல் ஆக்ஸ்போர்டில் பிஷப் வில்பர்போர்ஸ் எதிர்க்க, ஹக்ஸ்லி ஆதரிக்க, பெரிய வாக்குவாதம் நடந்தது. ஆனால் பக்தியுள்ள அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே இந்தக் கொள்கையை ஆதரித்தார் என்பதையும் மறக்கக்கூடாது.

கடவுள் இல்லை என்று டார்வின் சொல்லவில்லை. தெரியாது என்ற நிலையையே 1879-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1882 ஏப்ரல் 19-ல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் சர்ச்சில், நியூட்டன் அருகே அடக்கம் செய்தார்கள். சாகும்போது மனம் மாறினார் என்று 1915-ல் ஒரு கதை கிளம்பியது. அவர் மகளே அதை மறுத்தார்.

நண்பர்களே, லேபில் ரீடிங் தப்பாக வந்தால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து நண்பன் நோட்டைப் பார்த்து எண்ணை மாற்றிவிடுகிறோம்! டார்வின் தன் கொள்கைக்கு எதிரான செய்தி எது கிடைத்தாலும் உடனே குறித்துக்கொள்வார். அதுதான் சீக்கிரம் மறந்துபோகும் என்பார். தன் புத்தகத்திலேயே கொள்கைக்கு எதிரான கஷ்டங்களுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். கண்டதை மனைவிக்காக மாற்றி எழுதவில்லை. கண்டதற்காக மனைவியின் மனதை மிதிக்கவும் இல்லை. படித்துவிட்டோம் என்ற திமிரில் வீட்டில் சாமி கும்பிடுபவர்களைக் கேலி செய்யும் நம் போன்றவர்கள் அவரிடம் கற்க வேண்டியது, பரிணாமக் கொள்கை மட்டும் அல்ல.