ஜான் ஸ்னோ: குழாய் வழியே காலராவைத் தேடிய டாக்டர்

குடிநீர்க் குழாய்களில் கழிவு கலந்தால் உடனே தெரிய வேண்டும். அதற்கு சென்சாரை எங்கே வைப்பது? இன்று பொறியாளர்கள் கம்ப்யூட்டரில் போடும் இந்தக் கணக்குக்கு முன்னோடி, 170 ஆண்டுகளுக்கு முன் லண்டனில் தெருத் தெருவாக நடந்த ஒரு டாக்டர்.

ஜான் ஸ்னோ 1813-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 14 வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே சுரங்கத் தொழிலாளர்களைக் காலரா வாரிக்கொண்டு போனதை நேரில் பார்த்தார். பின்னர் லண்டனில் மயக்க மருந்து நிபுணராகப் பெயர் எடுத்தார். 1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம் கொடுத்ததே இவர்தான்.

கெட்ட காற்றால்தான் காலரா வருது என்று அன்று பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள். தண்ணீர்தான் காரணம் என்று 1849-லேயே ஸ்னோ எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடிபம்பு சொன்ன உண்மை

1854-ல் சோஹோ பகுதியில் சில வாரங்களில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கே தண்ணீர் பிடிச்சீங்க என்று வீடு வீடாக விசாரித்தார் ஸ்னோ. பெரும்பாலான பதில்கள் பிராட் தெரு பம்பையே காட்டின. அதே தெருவில் மதுபான ஆலைத் தொழிலாளர்கள் தப்பியிருந்தார்கள். அவர்கள் குடித்தது பீர். செப்டம்பர் 8-ல் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது.

தெற்கு லண்டனில் இன்னும் வலுவான ஆதாரம் கிடைத்தது. ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. ஒன்று தேம்ஸ் நதியில் சாக்கடை கலக்கும் இடத்தில் நீர் எடுத்தது. இன்னொன்று ஊருக்கு மேலே, சுத்தமான இடத்தில். 10,000 வீடுகளுக்கு முதல் கம்பெனியில் 315 சாவு, அடுத்ததில் 37. அப்போதும் சுகாதார வாரியம் ஏற்கவில்லை. 1858-ல், 45 வயதில், பக்கவாதத்தால் இறந்தார் ஸ்னோ.

இன்றைய கணக்கு

எல்லாக் குழாயிலும் சென்சார் வைக்கக் காசு பத்தாது. நீர் புறப்படும் இடத்தில் மட்டும் வைத்தால், வழியில் கலப்பது தெரியாது. கடைக்கோடியில் வைத்தால், தெரிவதற்குள் பலர் குடித்திருப்பார்கள். அதனால், எந்தக் குழாயின் நீர் எத்தனை வீட்டுக்கு, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று பார்த்து இடம் தேர்வு செய்கிறார்கள். குளோரின் திடீரெனக் குறைந்தாலோ, நீர் கலங்கினாலோ கருவி எச்சரிக்கும்.

ஸ்னோவிடம் கருவி எதுவும் இல்லை. எந்தக் குழாய் கெட்டது என்பதை அவருக்குச் சொன்னது இறந்தவர்களின் முகவரிகள்தான்.