ஜெபமும் கடமையும்: அன்னை சூசன்னா வெஸ்லியின் வாழ்வு

வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் கல்வியின் மேன்மையைப் பேசும் நாம், அக்கல்வி முளைவிடும் முதல் நிலம் இல்லமே என்பதை மறந்துவிடலாகாது. பிள்ளைகளைக் கடவுளிடம் ஒப்படைத்தல் என்றால் என்ன? நம் கடமையை அவர்மீது சுமத்திவிட்டு ஓய்ந்திருத்தலா? அன்றி, அவர் தரும் வலிமையால் அக்கடமையை ஆற்றுதலா? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் சூசன்னா வெஸ்லி அம்மையார்.

அம்மையார் 1669ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் இலண்டன் மாநகரில் சாமுவேல் ஆன்ஸ்லி என்னும் போதகரின் கடைசி மகளாகப் பிறந்தார். 1688இல் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். கணவர் லிங்கன்ஷயரைச் சார்ந்த எப்வொர்த் என்னும் சிற்றூரில் குருவானவராகப் பணியாற்றினார்.

குருமனை என்றதும் வளமான வாழ்வு நம் நினைவிற்கு வரலாம். உண்மை வேறு. அம்மையார் ஈன்ற 19 மக்களுள் ஒன்பதின்மர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். கடன் தொல்லையோ ஓயவில்லை. 1705இல் கணவர் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். வேறு பொருளில்லாத அம்மையார் தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். கணவர் அவற்றை ஏற்காது திருப்பி அனுப்பினார். உணவின்றி இருந்ததுண்டா என்று பேராயர் வினவியபோது, உணவு இல்லாமற் போனதில்லை, ஆயினும் அதைப் பெறுவதற்கும் பின்னர் அதற்குப் பணம் செலுத்துவதற்கும் பட்ட துன்பம் அதன் சுவையைக் கெடுத்துவிட்டது என்னும் கருத்துப்பட விடையிறுத்தார்.

இத்தகைய வீட்டில்தான் ஒரு பள்ளி நடந்தது. ஐந்து வயது நிறைந்ததும் எழுத்துகளைக் கற்பிப்பார். ஒரே நாளில் எழுத்துகள் முடிந்தாக வேண்டும். மறுநாளே ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் பாடப்புத்தகமாகும். நாள்தோறும் ஆறு மணி நேரம் வகுப்பு. பேசத் தொடங்கிய குழந்தை எழும்போதும் உறங்கச் செல்லும்போதும் கர்த்தரின் ஜெபத்தைச் சொல்லும். நன்றாக வாசிக்கக் கற்கும்வரை பெண்பிள்ளையை எந்த வேலைக்கும் பழக்கலாகாது என்பது அவ்வீட்டுச் சட்டம். பணியாளரிடம் எதையேனும் கேட்பதாயினும் பணிவுடனேயே கேட்க வேண்டும் என்பது மற்றொரு சட்டம். ஏவல் செய்பவரும் மதிப்பிற்குரியவரே என்று பிள்ளைகள் அங்கே கற்றனர். நம் இளைஞர் இவ்விரு சட்டங்களையும் நெஞ்சிற் பதித்தல் நலம்.

1709 பிப்ரவரியில் ஓரிரவு குருமனை தீக்கிரையாயிற்று. மாடியில் சிக்கிய ஐந்து வயதுச் சிறுவன் ஜானை, ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி நின்று ஊரார் மீட்டனர். பிள்ளைகள் பல வீடுகளில் தங்க நேர்ந்தது, பழக்கங்கள் சீர்குலைந்தன. மீண்டும் ஒன்றுகூடியபின் அம்மையார் புதிய ஒழுங்கு ஒன்றை வகுத்தார். வாரத்தில் ஒவ்வொரு மாலையும் குறித்த பிள்ளையோடு தனித்திருந்து, அதன் உள்ளத்து நிலையை விசாரித்தறிந்தார். ஜானுக்கு உரியது வியாழன். தீயினின்று காக்கப்பட்ட அம்மகனின் ஆன்ம நலத்தில் தனிக் கவனம் செலுத்தத் துணைபுரியுமாறு 1711இல் கடவுளை வேண்டினார். தனிமைக்கு இடமற்ற அவ்வீட்டில் மேலாடையைத் தலைமீது போர்த்திக்கொண்டு அவர் ஜெபிப்பார் என்று வழிவழியாகச் சொல்லப்படுவதுண்டு.

கணவர் இலண்டன் சென்றிருந்த 1711-12 குளிர்காலத்தில், ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்காக அவர் நடத்திய குடும்ப ஜெபத்திற்கு அயலாரும் வரத் தொடங்கினர். கூட்டம் 200 பேர் வரை பெருகிற்று. பெண்ணொருத்தி இவ்வாறு செய்யலாமோ என்று முறையீடு எழுந்தது. நிறுத்துமாறு கணவர் எழுதினார். விருப்பமாகக் கூறினால் போதாது, வெளிப்படையாகக் கட்டளையிட வேண்டும், அப்போதுதான் இறுதித் தீர்ப்பில் தம்மீது பழி வாராது என அம்மையார் துணிவுடன் மறுமொழி எழுதினார். கூட்டம் தொடர்ந்தது.

ஜெபித்ததெல்லாம் விரும்பியவாறே முடிந்தது என்று நாம் எழுதமாட்டோம். கல்வியிற் சிறந்த மகள் மெஹெட்டபெல், தகாத திருமணத்தால் கண்ணீரோடு வாழ்ந்தார். ஆயினும் ஜானும் சார்லஸும் ஆக்ஸ்போர்டில் பயின்று, மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர்களாயினர். 1742 சூலையில் பிள்ளைகள் சூழ்ந்திருக்க அம்மையார் இலண்டனில் உயிர்நீத்தார். ஜான் 1774இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து நூல் எழுதினார்; 1791இல் இறப்பதற்குச் சில நாள்கள் முன்னரும் அத்தீமையை எதிர்க்குமாறு வில்பர்ஃபோர்சுக்கு மடல் வரைந்தார். 1817இல் சென்னை வந்த வெஸ்லியன் மிஷனெரிகள் அவ்வியக்கத்தவரே.

வறுமை ஜெபத்திற்குத் தடையன்று. ஜெபம் உழைப்பிற்கு மாற்றுமன்று. எழுத்தறியாத பெற்றோரும் மாலையில் பிள்ளையை அருகமர்த்தி, இன்று என்ன கற்றாய் என வினவலாம். அதன் பெயரைச் சொல்லிக் கடவுளை வேண்டலாம். அவ்வாறு செய்யும் இல்லங்கள் பெருகுமாயின், நம் கல்விப்பணி வேரூன்றித் தழைக்கும் என்பது திண்ணம்.