பரிந்துரைக்கு இணங்காத முதல்வர் ஓமந்தூரார்

அண்ணாமலையின் அடிவாரத்தை அருள்நாடி வந்தடைந்தோர் பலர். ஆட்சிப் பொறுப்பின் சுமையோடு அருள்நாடியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார். அரசுப் பணிக்கு ஆள் தெரிவதில் ஆள்வோர் எவ்வளவு தூய்மையோடு நிற்க வேண்டும் என்பதற்குத் தம் பதவியையே விலையாகக் கொடுத்துச் சான்று காட்டியவர் அவர்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், வேளாண் குடும்பமொன்றில், 1895-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் அவர் பிறந்தார். நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். வள்ளலார் வகுத்த நெறியில் தோய்ந்த அவருள்ளம் இரமண மகரிஷியிடமும் பேரன்பு பூண்டிருந்தது. திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் செஞ்சி வழிச் சாலை இணைக்கிறது; ஓமந்தூராரையும் அண்ணாமலையையும் இணைத்தது அவ்வன்பே.

1947-இல் பிரகாசம் அமைச்சரவை வீழ்ந்தபோது காங்கிரசுக் கட்சியினர் அவரைத் தலைமைக்கு அழைத்தனர். அவரோ தயங்கினார். இரமணரின் திருவுளம் அறிந்த பின்னரே இசைந்தார் என்று அவர் வரலாற்றைக் கூறுவோர் குறிப்பர். அவ்வாண்டு மார்ச்சு 23-ஆம் நாள் அவர் பொறுப்பேற்றார். நாடு விடுதலை பெற்ற நாளில், ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் தென் கன்னடமும் அடங்கிய பரந்த சென்னை மாகாணத்தின் தலைமை இந்த உழவரிடம் இருந்தது.

அரசுப் பணி நியமனம் என்பது அந்நாளில் எளிய செய்தியன்று. ஒரு காலத்தில் துறைத் தலைவர்களின் விருப்பமே வேலைக்கு வாயிலாக இருந்தது. அந்நிலையை மாற்ற, பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி 1924-இல் பணியாளர் தேர்வுக் குழுவை அமைத்தது. 1929-இல் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்வழி, தலைவர் உட்பட மூவரைக் கொண்ட பணித் தேர்வாணையம் தோன்றியது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய ஆணையத்தை முதன்முதல் கண்ட பெருமை சென்னைக்கு உரியது. இதற்கிடையே, அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால், பணியிடங்களைப் பன்னிரண்டு பங்காக்கிப் பல்வேறு வகுப்பினர்க்கும் பகிர்ந்தளிக்கும் வகுப்புரிமை ஆணை பிறந்தது.

ஓமந்தூரார் ஆட்சி 1947-இல் அவ்வாணையைத் திருத்தியது. பன்னிரண்டு பங்கு பதினான்காயிற்று. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 2, பிராமணர்க்கு 2, முசுலிம்களுக்கு 1, கிறித்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் 1 என வகுக்கப்பெற்றது. பிற்படுத்தப்பட்டோர்க்கெனத் தனிப்பங்கு ஒதுக்கப்பட்டது அதுவே முதன்முறை. இதனால் சினந்தோர் அவரைத் தாடியில்லாத ஈரோட்டு இராமசாமி என்று எள்ளினர் என்பர். அவர் அசைந்தாரில்லை.

விதியை வகுப்பதைக் காட்டிலும், வகுத்த விதிக்குத் தானும் கட்டுப்படுவதே ஆள்வோர்க்கு அரிது. விடுதலை வந்ததும், அதற்காகச் சிறை சென்றோர் சிலர் அரசு அலுவலகங்களில் தம் சொல் செல்லும் என எதிர்பார்த்தனர். நியமனத்திற்கும் இடமாற்றத்திற்கும் உரிமங்களுக்கும் சிபாரிசு தேடுவது இயல்பாகிவந்த காலம் அது. ஓமந்தூராரோ கட்சிக்காரர் ஆட்சிப் பணியில் தலையிடுவதை விரும்பவில்லை. தம்மைத் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அவர் விலக்களிக்கவில்லை. திருக்குறளின் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரம், அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு தகுதியறியாதாரைத் தேர்வதன் தீமையை எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கையைப் படித்துச் சுவைத்தவர் பலர். கோட்டையில் அமர்ந்து கடைப்பிடித்தவர் இவர்.

அதன் விலை பெரிது. உறுப்பினர்களின் மனக்குறை வளர்ந்தது. கட்சிக்குள் ஆதரவு தேய்ந்தது. 1949 ஏப்பிரலில் அவர் பதவியை விட்டு நீங்க, பி. எஸ். குமாரசாமி இராசா முதல்வரானார். தேவதாசி முறை ஒழிப்பு, ஆலய நுழைவு, சமீன்தாரி ஒழிப்பு ஆகிய சட்டங்கள் அவருடைய ஈராண்டு ஆட்சியில் நிறைவேறியவை. பாரதியாரின் பாடல்கள் நாட்டுடைமையாக வழி வகுத்ததும் அவ்வாட்சியே என்பதைக் கவிஞர் உலகம் மறத்தல் கூடாது. 1948-இல் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கித் தமிழ்ப் பற்றாளரின் எதிர்ப்பைத் தேடிக்கொண்டதும் அவ்வாட்சியே. நிறைகளோடு இக்குறையையும் சேர்த்து எண்ணுவதே நேர்மை.

அவர் நீங்கிய பின் வகுப்புரிமை ஆணை வழக்குமன்றம் ஏறிற்று. மாவட்ட முன்சீப் பதவிகள் 83-ஐ வகுப்புவாரியாகப் பகிர்ந்ததை எதிர்த்து, விண்ணப்பித்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1951 ஏப்பிரல் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அனைவர்க்கும் பங்கு வகுத்த அப்பகிர்வு அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. ஆயினும், தாழ்த்தப்பட்டோர்க்கும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் பணியிடம் ஒதுக்குவது முறையே என்று ஏற்றது. பதினான்கு பங்கு என்னும் கட்டடம் சரிந்தபோதும், ஓமந்தூரார் ஆட்சி புதிதாய் நட்ட தூண் நின்றது. அவ்வாண்டிலேயே பிற்படுத்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு 25, தாழ்த்தப்பட்டோர்க்கு 15 என இட ஒதுக்கீடு புதுவடிவம் பெற்றது.

பதவி நீங்கிய ஓமந்தூரார் வடலூரில் வள்ளலார் பெயரால் அறப்பணிகளிலும் கல்விப் பணியிலும் ஈடுபட்டு, 1970-இல் மறைந்தார். சென்னையிலுள்ள ஓமந்தூரார் அரசினர் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் அவர்தம் மெய்யான நினைவுச் சின்னம் கட்டடமன்று. சவ்வாது மலைச் சிற்றூரிலோ செங்கத்தின் கரம்பிலோ பிறந்த ஓர் இளைஞன், எவருடைய கடிதத்தையும் கையில் ஏந்தாமல் திருவண்ணாமலையின் தேர்வுக் கூடத்தினுள் நுழைந்து, தன் எழுதுகோலை மட்டுமே நம்பி அமர முடியுமானால், அந்நம்பிக்கையே அவருக்குரிய நினைவுச் சின்னம். அந்நம்பிக்கை பழுதுறும் நாளெல்லாம், பதவியை இழந்தும் கொள்கையை இழவாத அப்பெருமகனை இந்நாடு நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளது.