தம்பியை நம்பி ஊருக்கு வந்த ரயில்வே மெஷினிஸ்ட்... யார் இந்த வால்டர் டேவிட்சன்?

'ஹார்லி டேவிட்சன்' என்பது ஒரே ஆளின் பெயர் என்று நினைப்பவர்கள் இன்னமும் நிறைய பேர் இருக்கிறார்கள். உண்மையில் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது நாலு பேர். ஹார்லி ஒருத்தர், டேவிட்சன் மூணு பேர். அந்த மூணு பேரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள். அதில் நடு ஆள் வால்டர். பைக் செய்யணும் என்ற ஐடியா அவருடையது இல்லை, இன்ஜினை வரைந்ததும் அவர் இல்லை. ஆனால் கம்பெனியின் முதல் தலைவர் அவர்தான். சாகும் வரை அந்த நாற்காலியில் இருந்தவரும் அவர்தான்.

1876-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர் வால்டர். அப்பா ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய தச்சர். வீட்டில் எல்லோருக்குமே கைத்தொழில்தான். அண்ணன் வில்லியம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். வால்டரும் ரயில்வேயில் மெஷினிஸ்ட், ஆனால் வேலை பல நூறு கிலோமீட்டர் தள்ளி கன்சாஸ் மாநிலத்தில்.

ஊரில் இருந்த தம்பி ஆர்தர், பால்ய நண்பன் வில்லியம் ஹார்லியுடன் சேர்ந்து சைக்கிளில் பொருத்த ஒரு இன்ஜின் செய்துகொண்டிருந்தார். ஹார்லி 1901-லேயே அதற்கு வரைபடம் போட்டுவிட்டார். பைக்கை ஓட்டிப் பார்க்க வா என்று ஆர்தர் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். மூத்தவர் வில்லியமின் கல்யாணமும் வந்தது. வால்டர் ஆசையோடு ஊருக்கு வந்து பார்த்தால், ஓட்டுவதற்கு பைக்கே இல்லை. பாகங்கள்தான் கிடந்தன. ஓட்டணும்னா முதல்ல நீதான் மாட்டித் தரணும் என்ற நிலைமை.

கோபப்பட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் மனுஷன் கன்சாஸுக்குத் திரும்பவே இல்லை. மில்வாக்கியிலேயே ஒரு ரயில்வே வேலையைத் தேடிக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் பைக்கோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்த முதல் பைக் அப்படி ஒன்றும் சாதனை இல்லை. இன்ஜின் வெறும் 116 சிசி. மில்வாக்கியின் மேடுகளில் ஏறத் திணறியது. பெடல் மிதித்துத்தான் மேலே கொண்டுபோகணும். அதை ஓரம்கட்டிவிட்டு, 405 சிசி-யில் பெரிய இன்ஜினும் அதைத் தாங்கும் புது ஃபிரேமும் செய்தார்கள். படகு மோட்டாரில் பின்னாளில் பேர் வாங்கிய ஓலே எவின்ரூட் இதில் கைகொடுத்தார்.

இதெல்லாம் நடந்த இடமாகச் சொல்லப்படுவது, வீட்டுக் கொல்லையில் அப்பா கட்டிக்கொடுத்த 10 அடிக்கு 15 அடி மரக் கொட்டகை. சில பாகங்கள் அண்ணனின் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் உருவாகியிருக்கலாம் என்று கருதுபவர்களும் உண்டு. அதுவும் குடும்பக் கணக்குதானே!

1906-ல் இடம் போதாமல் தனியாக ஒரு சின்ன ஃபேக்டரி கட்டினார்கள். பணம்? தேனீ வளர்த்துச் சேமித்து வைத்திருந்த மாமா ஜேம்ஸ் மெக்லே கடன் கொடுத்தார். கட்டிய பிறகுதான் அது ரயில்வே நிலத்தில் கொஞ்சம் ஏறி நிற்பது தெரிந்ததாம். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து கட்டடத்தையே தூக்கி ஒன்றரை அடி நகர்த்தி வைத்தார்கள் என்று ஒரு கதை. மரக் கட்டடம், சின்ன சைஸ் என்பதால் நம்பலாம்.

ரயில்வே சம்பளம் என்பது அன்றைக்கு லேசான விஷயம் இல்லை. மாசம் பிறந்தால் கைக்கு வரும் காசு. அதை விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஐம்பது பைக்கூடத் தாண்டாத தொழிலுக்கு வால்டர் முழுசாக வந்தார். 1907-ல் முறைப்படி கம்பெனி பதிவானது. மூத்த அண்ணனும் வேலையை விட்டுவிட்டு வந்து ஃபேக்டரியைப் பார்த்துக்கொண்டார். டிசைன் ஹார்லிக்கு, விற்பனை ஆர்தருக்கு, தலைவர் பதவி வால்டருக்கு.

தலைவர் என்றால் ஏசி ரூம் கற்பனை வேண்டாம். அடுத்த வருஷமே, நியூயார்க் பக்கம் நடந்த இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும் போட்டியில் அவரே பைக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டினார்கள். வால்டர் எடுத்தது முழுசாக 1,000 புள்ளிகள், மேலே போனஸ் 5. சில நாட்களில் எரிபொருள் சிக்கனப் போட்டி. ஒரு கேலனுக்கு 188 மைல். நம்ம கணக்கில் லிட்டருக்கு கிட்டத்தட்ட 80 கி.மீ. மைலேஜ்! அதற்கு முந்தைய வருஷம் 150 பைக் செய்த கம்பெனி, அந்த வருஷம் சுமார் 450 செய்தது. 1909-ல் வந்ததுதான் இன்றைக்கு க்ரூஸர் என்றாலே கண்முன் நிற்கும் வி-ட்வின் இன்ஜின். முதல் முயற்சி சொதப்பி, சரிசெய்து 1911-ல் மறுபடி கொண்டுவந்தார்கள்.

1929-ல் சுமார் 21,000 பைக் விற்ற கம்பெனி, பொருளாதாரப் பெருமந்தத்தில் 1933-ல் 3,703-க்குச் சரிந்தது. அமெரிக்காவில் பல பைக் கம்பெனிகள் மூடியும் வால்டர் மூடவில்லை. 1937-ல் அண்ணன் வில்லியம் காலமானார். உலகப் போருக்காக ஃபேக்டரி ராணுவ பைக்குகளைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, 1942 பிப்ரவரி 7 அன்று வால்டரும் போய்ச் சேர்ந்தார். அடுத்த தலைவர் அந்த மூத்த அண்ணனின் மகன்.

கொல்லைப்புறக் கொட்டகையை நினைவுச் சின்னமாக ஃபேக்டரி வளாகத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில், சுத்தம் செய்ய வந்தவர்கள் விவரம் தெரியாமல் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது அங்கே நிற்பது நகல்.