சித்தம் கலங்கியோருக்கும் இடம் வைத்த சுல்தான்

ஆயிரம் தீனார் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை என்பதால் அவருக்கு அல்அல்ஃபீ என்னும் பெயர் வந்தது. அரபியில் அல்ஃப் என்றால் ஆயிரம். கிப்சாக் துருக்கியர் குலத்தில் பிறந்து, வயது வந்த பின்னரே எகிப்துக்குக் கொணரப்பட்டமையால், அரபு மொழி அவருக்குக் கடைசிவரை சரளமாக வாய்க்கவில்லை. அய்யூபிய சுல்தான் அஸ்ஸாலிஹின் சேவையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1279இல் எகிப்து, சிரியா நாடுகளின் அரியணையில் அமர்ந்தார். அவரே அல்மன்சூர் சைஃபுத்தீன் கலாவூன். 1281இல் ஹிம்ஸ் அருகே மங்கோலியரை முறியடித்ததும், 1289இல் திரிப்போலியைச் சிலுவைப் போராளிகளிடமிருந்து கைப்பற்றியதும் வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன. அவற்றை இங்கே விட்டுவிடுவோம். நாம் காண வேண்டியது அவர் நிறுவிய ஓர் அறக்கொடையை.

கலாவூன் சுல்தானாவதற்கு முன்பு, பைபர்ஸின் தளபதிகளுள் ஒருவராக இருந்த காலத்தில், திமிஷ்க் நகரில் கடும் வயிற்று வலியால் வீழ்ந்தார். அந்நகரில் நூருத்தீன் ஸங்கீ 1154இல் கட்டிய பீமாரிஸ்தானிலிருந்து மருந்துகளைத் தருவித்து மருத்துவர்கள் அவரைக் குணப்படுத்தினர். (பீமார் என்றால் நோயாளி என்பது உர்தூ அறிந்தோருக்குத் தெரியும், பீமாரிஸ்தான் என்பது நோயாளர் இல்லம்.) எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்த இல்லத்தை நேரில் சென்று பார்த்தார். அல்லாஹ் தமக்கு ஆட்சியைத் தந்தால் இதைப் போன்றதொன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். ஆட்சி கிட்டியது. நேர்ச்சையை மறக்கவில்லை.

கெய்ரோவின் நடுநாயகமான பைனல் கஸ்ரைன் வீதியில், முன்பு ஃபாத்திமீ அரச குமாரி ஸித்துல் முல்கின் மாளிகையாக இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, 1284இல் பணியைத் தொடங்கினார். மருத்துவ இல்லம், மத்ரஸா, அடக்கத்தலம் மூன்றும் பதினொரு மாதங்களும் சில நாட்களும் கொண்ட காலத்துக்குள் எழுந்தன.

இவ்வளவு விரைவு எப்படி வந்தது? இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பணியை மேற்பார்த்த அமீர் ஸன்ஜர் அஷ்ஷுஜாயீ கடுமை மிக்கவர். அம்மாளிகையில் வாழ்ந்தோரை வெளியேற்றினார். ரவ்ழா தீவின் கோட்டையை இடித்துத் தூண்களைக் கொணர்ந்தார். போர்க் கைதிகளை வேலை வாங்கினார். வழிப்போக்கர் எவராயினும், குதிரையில் வரும் கண்ணியமானவராயினும், இறங்கிக் கல் சுமந்து வைத்த பிறகே செல்ல முடிந்தது. இதனால் மக்கள் அவ்வீதியில் நடப்பதையே தவிர்த்தனர் என்கிறார் வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ. அக்கட்டடத்தில் தொழுவது கூடுமா என்று மார்க்கத் தீர்ப்புக் கேட்கப்பட்டபோது, கூடாது என்று எழுதிக் கொடுத்த ஆலிம்களும் இருந்தனர். நோயாளிக்குச் செய்யும் தொண்டு, வலிமையற்றவனின் தோளில் ஏற்றிய கல்லுக்கு ஈடாகாது என்றே நாமும் கருதுகிறோம். அத்தீர்ப்பை எழுதியவர்களின் துணிவைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

ஆயினும் கலாவூன் எழுதிவைத்த வக்ஃபுப் பத்திரத்தைப் படிப்போர் வியப்புறாமல் இரார். கடைகள், குளிப்பகங்கள், அங்காடிகள் முதலியவற்றின் வருவாய் இந்த இல்லத்துக்கென ஒதுக்கப்பட்டது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 லட்சம் திர்ஹம் என்பது அல்மக்ரீஸீ தரும் கணக்கு. செல்வரும் வறியரும், ஆணும் பெண்ணும், உள்ளூராரும் அயலூராரும், அடிமையும் எசமானரும் ஒன்றுபோல் சேர்க்கப்பட வேண்டும். தங்கும் காலத்துக்கு வரம்பில்லை. கட்டில், பஞ்சு மெத்தை, தலையணை, போர்வை தரப்பட வேண்டும். ஒவ்வொருவரின் உணவும் அவரவர்க்குரிய தனிக் கிண்ணத்தில் மூடி வர வேண்டும். கோடையில் ஓலை விசிறி வேண்டும் என்பதைக்கூட எழுதத் தவறவில்லை. இறந்தோரைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கும் செலவும் வக்ஃபைச் சேர்ந்தது. திறப்பு விழா நாளில் கலாவூன் அங்கே தயாரித்த பானம் ஒரு கோப்பையை வாங்கிப் பருகி, தம்மைப் போன்றவருக்கும் தமக்குக் கீழுள்ளவருக்கும் இது பொது என்று அறிவித்தார்.

அந்த இல்லத்தில் காய்ச்சல்காரருக்கும், கண் நோயாளருக்கும், அறுவை வேண்டுவோருக்கும் தனித்தனிக் கூடங்கள் அமைந்தன. சித்தம் கலங்கியோருக்கும் அவ்வாறே ஆணுக்கு வேறாகவும் பெண்ணுக்கு வேறாகவும் இடம் ஒதுக்கப்பட்டது. இங்கேதான் வக்ஃபின் அருமை விளங்குகிறது. காய்ச்சல் சில நாட்களில் தணியும். மனநோயோ ஆண்டுக்கணக்கில் நீளும், உறவினர் சோர்வர், வீட்டில் இருப்பது கரையும், ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகும் தானம் அங்கே போதாது. முதல் அழியாமல் வருவாய் மட்டும் செலவாகும் ஏற்பாடே முடிவில்லாத நோய்க்குப் பொருந்தும். மார்க்கக் கடமைகள் விலக்கப்பட்டவர் சித்தம் இழந்தவர். ஆனால் அவர் விஷயத்தில் மற்றவர்களுக்குள்ள கடமை விலக்கப்படவில்லை. விவேகம் குறைந்தோருக்கு உணவும் உடையும் அளித்து அவர்களிடம் இன்சொல் பேசுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் பணிக்கிறது.

இத்தொண்டு எளிதன்று. கலாவூனுக்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பு எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன், தாம் கட்டிய மருத்துவ இல்லத்துக்கு வெள்ளிதோறும் சென்று நோயாளரைப் பார்ப்பார். ஒருநாள் அங்கிருந்த மனநோயாளி ஒருவர், தமக்குப் பைத்தியமில்லை, ஒரு மாதுளம் பழம் வேண்டும் என்று கெஞ்சினார். பழம் வந்தது. கையில் ஆட்டிப் பார்த்தவர், சுல்தான் அசந்த நேரம் நோக்கி அவர் மார்பில் வீசியடித்தார். உடை முழுதும் சாறு. அதன்பின் இப்னு தூலூன் அப்பக்கம் திரும்பவேயில்லை. ஆனால் அவர் வராதபோதும் இல்லம் நடந்தது, நோயாளிகள் உண்டனர். மனம் சலித்துவிடும் மனிதனை நம்பாமல் பத்திரத்தை நம்பியதன் பலன் அது.

கலாவூன் 1290 நவம்பரில், அக்கா நகர்மீது படையெடுக்கப் புறப்பட்ட வேளையில் காலமானார். தாம் கட்டிய வளாகத்திலேயே அடங்கியுள்ளார். அதற்கு ஈராண்டு முன்பு மறைந்த மருத்துவ மேதை இப்னுன் நஃபீஸ், தம் வீட்டையும் நூல்களையும் இந்த இல்லத்துக்கே எழுதிவைத்திருந்தார்.

நூற்றாண்டுகள் செல்லச் செல்ல வக்ஃபு சொத்துகள் கைமாறின. முத்தவல்லிகள் கவனம் குன்றினர். மற்ற நோயாளர் போக, 19ஆம் நூற்றாண்டில் அங்கே எஞ்சியோர் பெரும்பாலும் மனநோயாளரே. அந்நாளில் கெய்ரோ சென்ற ஐரோப்பியர், சிற்றறைகளில் சங்கிலியிடப்பட்டிருந்த அவர்களைக் கண்டு எழுதியுள்ளனர். ஓலை விசிறிவரை நினைத்து எழுதிய பத்திரத்தின் கீழ், விசிறி போய்ச் சங்கிலி மட்டும் நின்றது. இதைப் பழங்கதை என்று தள்ளவும் நமக்கு வாய் இல்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் நம் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர்.

கெய்ரோவின் மனநோயாளர்கள் அந்நூற்றாண்டின் நடுவில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டனர். பழைய கூடங்களில் சிதைந்த சில பகுதிகளே எஞ்சியுள்ளன. பிற்பகுதியில் 20ஆம் நூற்றாண்டில் கண் மருத்துவமனை ஒன்று எழுந்தது; அதற்கும் கலாவூன் பெயரே வழங்குகிறது.