பிஞ்சு எலும்புகளைக் காத்த பெண்மணி

ஹாரியட் சிக் 1875-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை ஒரு லேஸ் வியாபாரி.

விஞ்ஞானம் படித்த ஹாரியட், 1905-ம் ஆண்டு லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர மனுப் போட்டார். ஒரு பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று அங்கிருந்த இருவர் தடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

வளைந்த கால்கள்

1919-ம் ஆண்டு. முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பசி தாண்டவம் ஆடியது. பால் கிடைக்கவில்லை. குழந்தைகளின் எலும்புகள் மென்மையாகி, கால்கள் வில்லாக வளைந்தன. இந்த நோய்க்கு ரிக்கெட்ஸ் என்று பெயர்.

ஹாரியட் தோழியருடன் அங்கே சென்றார். குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தலைவர் டாக்டர் பிர்க்கே உலகப் புகழ் பெற்றவர். இது தொற்று நோய் என்பது அவர் எண்ணம். உணவுக் குறைவே காரணம் என்று ஹாரியட் நினைத்தார். ஆனாலும் பிர்க்கே பெருந்தன்மையோடு சோதனைக்கு இடம் கொடுத்தார்.

எது உண்மை?

குளிர்காலம் வந்தது. சில குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியின் வழக்கமான உணவு. மற்றவர்களுக்கு மீன் ஈரல் எண்ணெய் சேர்ந்த உணவு கொடுத்தார்கள். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள்.

வழக்கமான உணவு உண்டவர்களில் பலருக்கு நோய் வந்தது. எண்ணெய் குடித்தவர்களுக்கு வரவில்லை!

கோடையில் இன்னோர் அதிசயம். இரு சாராருக்குமே நோய் வரவில்லை. காரணம், சூரிய வெளிச்சம்! நோய் கண்ட குழந்தைகள் எண்ணெயாலும் வெயிலாலும் குணமானார்கள். பிர்க்கேயும் உண்மையை ஒப்புக்கொண்டார்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

வெயில் பட்டால் நம் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது. மீன் ஈரல் எண்ணெயிலும் அது உண்டு. ஈரலும் சிறுநீரகமும் அதை ஒரு ஹார்மோனாக மாற்றுகின்றன. உணவிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பரஸையும் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்ப்பது அந்த ஹார்மோன்தான்.

அது குறைந்தால் ரத்தத்தில் கால்சியம் குறையும். உடனே கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் வேறொரு ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். பாஸ்பரஸைச் சிறுநீரில் வெளியேற்றும். வீட்டுச் சுவரை இடித்து அடுப்புக் கட்டுவது போலத்தான் இது! எலும்பு எப்படி உறுதியாகும்?

தாய்ப்பாலுக்கு ஈடு இல்லை. ஆனால் அதில் வைட்டமின் டி குறைவு. அதனால்தான் கைக்குழந்தைக்கு டாக்டர்கள் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவே போதும், அதிகமானால் கெடுதல்.

ஹாரியட்டுக்கு 1949-ம் ஆண்டு பிரிட்டன் 'டேம்' பட்டம் அளித்தது. தம் 101-வது வயதில் வியன்னா நினைவுகளை எழுதி வெளியிட்டார். 1977-ம் ஆண்டு, 102-வது வயதில் மறைந்தார். நேராக நடக்கும் எத்தனையோ குழந்தைகளின் கால்கள் அவர் உழைப்புக்குச் சாட்சி!