ஸ்னூக்கரைக் கண்டுபிடித்தது பிரிட்டன் பிரதமரா? யார் இந்த ‘ஊட்டி’ சேம்பர்லின்?

வீக் எண்டில் பாண்டிக்கு ஒரு ட்ரிப். பீச் ரோட்டில் ஒரு நடை, சாயங்காலம் நண்பர்களோடு ஒரு மணி நேரம் பூல். நாலு பந்து வரிசையாக பாக்கெட்டில் விழுந்ததும் ‘நாமளும் ஒரு பிளேயர்தான்’ என்று தோணிடும். அதே தெம்போடு 12 அடி ஸ்னூக்கர் டேபிளுக்குப் போய் நின்றால் ஒரு பந்துகூட விழாது. திறமை எங்கே போச்சு? எங்கேயும் போகல. டேபிள்தான் மாறிடுச்சு.

அந்தப் பெரிய டேபிளின் விளையாட்டுக்கு முதன்முதலில் விதிகள் எழுதி ஒட்டப்பட்ட இடம் லண்டன் இல்லை, நம்ம ஊட்டி. எழுதியவர் நெவில் சேம்பர்லின். ஆனால், ஹிட்லரோடு மியூனிக்கில் ஒப்பந்தம் போட்ட பிரிட்டன் பிரதமர் நெவில் சேம்பர்லின் வேறு, இவர் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் இன்றுவரை குழப்பம்தான்.

மழைக்காலத்தில் பிறந்த விளையாட்டு

நெவில் ஃபிரான்சிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு சேம்பர்லின் பிறந்தது 1856-இல், இங்கிலாந்தில். ராணுவக் குடும்பம். இளம் வயதிலேயே பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1875-இல், 19 வயதில், அவர் இருந்தது ஜபல்பூர் முகாமில்.

மழைக்காலம். வெளியே போக முடியாது. அதிகாரிகள் மெஸ்ஸில் இருந்த பில்லியர்ட்ஸ் டேபிள்தான் ஒரே பொழுதுபோக்கு. அப்போது பணம் கட்டி ஆடும் சில பூல் விளையாட்டுகள் பிரபலம். ஒன்றில் 15 சிவப்புப் பந்துகள். இன்னொன்றில் ஆளுக்கொரு கலர் பந்து. ஏற்கெனவே 15 சிவப்போடு கறுப்புப் பந்து சேர்த்து ஆடும் வழக்கமும் இருந்தது. சேம்பர்லின் அதில் மற்ற கலர் பந்துகளையும் படிப்படியாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் வைத்தார்.

பெயர் வந்தது ஒரு கிண்டலில். லண்டன் அருகே வூல்விச் ராணுவ அகாடமியில் முதலாம் ஆண்டு மாணவர்களை ஸ்னூக்கர் என்று கேலி செய்வார்களாம். நம்ம காலேஜ் பாஷையில் ‘ஜூனியர் பசங்க’ மாதிரி. முகாமுக்கு வந்த ஓர் இளம் அதிகாரி இதைச் சொல்லியிருந்தார். ஆட்டத்தில் ஒருவர் சுலபமான பந்தைத் தவறவிட்டதும், சேம்பர்லின் அவரை ஸ்னூக்கர் என்று கிண்டலடித்தார். அவர் முகம் வாடக் கூடாது என்று, இந்த ஆட்டத்தில் நாம எல்லாருமே ஸ்னூக்கர்கள்தான் என்று சமாளித்தார். அந்தப் பேரே ஆட்டத்துக்கு ஒட்டிக்கிச்சு.

ஊட்டிக்கு எப்படி வந்தது?

அடுத்து ஆப்கன் போர். ஜெனரல் ராபர்ட்ஸிடம் உதவி அதிகாரியாக இருந்த சேம்பர்லின், 1880-இல் காந்தஹார் போரில் காயமடைந்தார். 1881-இல் ராபர்ட்ஸ் மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியானார். கோடை வந்தால் தலைமையகமே ஊட்டிக்கு இடம் மாறும். சேம்பர்லினும் கூடவே வந்தார்.

1882-இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்னூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அதுவரை வாய்மொழியாக, ஆளுக்கொரு மாதிரி ஆடியது அப்போதுதான் ஒரு சட்டத்துக்குள் வந்தது. அந்த கிளப்பும் அறையும் இன்றும் இருக்கின்றன.

1885-இல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தா வந்தார். கூச் பெஹார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லினைச் சந்தித்து, விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆட்டம் கப்பலேறி இங்கிலாந்து போனது இப்படித்தான்.

டேபிள் சைஸ் ஏன் முக்கியம்?

சேம்பர்லின் ஆட்டம் வளர்ந்தது 12-க்கு 6 அடி டேபிளில். அதே காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது பாண்டி. பிரெஞ்சு பாணி கேரம் பில்லியர்ட்ஸ் (நம்ம கேரம் போர்டு இல்லை) டேபிளில் பாக்கெட்டே கிடையாது. அடிக்கும் பந்து மற்ற இரண்டு பந்துகளையும் தொட்டால் பாயின்ட். கியூ நுனியில் இருக்கும் தோல் மட்டும் மூன்று விளையாட்டுக்கும் பொது. அதைக் கொண்டுவந்தவர் மேங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ கேப்டன்.

இப்போது கணக்குக்கு வருவோம். 12 அடி ஸ்னூக்கர் டேபிளில் ஆடும் பரப்பு சுமார் 6.3 சதுர மீட்டர். 9 அடி பூல் டேபிளில் சுமார் 3.2. 7 அடியில் 2-க்கும் கொஞ்சம் குறைவு. அதாவது, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அடித்த பந்து 1 டிகிரி விலகினால், 1 மீட்டர் தூரத்தில் 1.75 செ.மீ. தள்ளிப்போகும். 3 மீட்டரில் அதுவே 5.2 செ.மீ. ஸ்னூக்கர் பந்தின் மொத்த அகலமே 5.25 செ.மீ.தான்! பாக்கெட் வாயும் ஸ்னூக்கரில் குறுகல். சின்ன டேபிள் மன்னிக்கும் தப்பைப் பெரிய டேபிள் மன்னிக்காது.

அதுக்காக சின்ன டேபிள் ‘ஈஸி’ என்றும் சொல்ல முடியாது. அதே 15 பந்து, குறைந்த இடம். ஒன்றையொன்று மறித்து நிற்கும். அங்கே தூரத்துக் குறியைவிட, அடுத்த பந்துக்கு வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துவது என்ற திட்டம்தான் ஜெயிக்க வைக்கும்.

உங்க ரேட்டிங் என்ன?

சேம்பர்லின் காலத்தில் ரேட்டிங் எண் இல்லை. கிளப்பில் நன்றாக ஆடுபவர், எதிராளிக்கு முன்கூட்டியே சில பாயின்ட் விட்டுக்கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவார். இன்று பூல் உலகில் ஃபார்கோ ரேட்டிங் என்ற முறை பிரபலம். நீங்கள் யாரிடம் ஜெயித்தீர்கள், யாரிடம் தோற்றீர்கள் என்பதை வைத்துக் கணக்கிடுவது. 100 புள்ளி வித்தியாசம் என்றால் வெற்றி விகிதம் 2-க்கு 1. ரேட்டிங் 600 உள்ளவர் 500 உள்ளவரோடு 3 கேம் ஆடினால், சராசரியாக 2 ஜெயிப்பார்.

ஆக, ரேட்டிங் என்பது ஒப்பீடு. 7 அடி டேபிளிலேயே ஆடி எடுத்த நம்பரை நம்பி 12 அடிக்குப் போனால், சேம்பர்லின் சொன்ன மாதிரி எல்லாருமே ஸ்னூக்கர்தான்.

82 வயதில் ஒரு கடிதம்

சேம்பர்லினின் பிற்காலம் அவ்வளவு இனிமையானது இல்லை. 1900 முதல் அயர்லாந்து காவல் படையின் தலைவர். 1916-இல் டப்ளினில் ஈஸ்டர் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு பதவி விலகினார்.

இதற்கிடையே ஸ்னூக்கர் எங்கோ போய்விட்டது. 1927-இல் உலக சாம்பியன்ஷிப்பே தொடங்கிவிட்டது. ஆனால், கண்டுபிடித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆட்டம் வூல்விச் அகாடமியில் பிறந்தது என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது. கடைசியில் 1938-இல், 82 வயதில், ‘தி ஃபீல்டு’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, ஜபல்பூரில் நடந்ததை அவரே விளக்க வேண்டியிருந்தது. அவரோடு பணியாற்றிய முதிய ராணுவ அதிகாரிகள் சாட்சி சொன்னார்கள். 1939-இல் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி ஒரு கட்டுரையில் அதை உறுதி செய்தார். உரிமைத்தொகை எதுவும் இல்லை, பெயர் மட்டும் மிஞ்சியது. 1944-இல் 88 வயதில் சேம்பர்லின் காலமானார்.

63 வருஷம் கழித்தாவது அவர் எழுதினார். எழுதாமல் விட்டிருந்தால், ஊட்டிக்கும் ஸ்னூக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று நாம் கேட்டுக்கொண்டிருப்போம். ஆபீஸில் நம்ம ஐடியா வேறு யார் பேரிலாவது போகும்போது, இந்த சேம்பர்லினைக் கொஞ்சம் நினைச்சுக்கலாம்.